வெயில் மயக்கம் என்றார்கள்

நெடுமாறன் எப்படிச் செத்தான் என்பதற்கு ஆலங்கட்டளையில் ஆளுக்கொரு கதை இருந்தது. கைப்பந்து ஆடும்போது எவனோ நெஞ்சில் முட்டிவிட்டான் என்றார்கள். கொரோனா ஊசி என்றார்கள். ஜிம்முக்குப் போய் ஏதோ மாவைக் கரைத்துக் குடித்தான், அதுதான் காரணம் என்றார்கள். அவன் ஜிம் வாசலை மிதித்ததே கிடையாது.

பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒருவர், "பொண்ணு விவகாரமாம். மருந்து குடிச்சிட்டானாம். வீட்டுல மறைக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பின்னால் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தவர் நெடுமாறனின் அப்பா இராஜாங்கம்.

"யாருய்யா மருந்து குடிச்சது?" என்றார் இராஜாங்கம். "என் மடியில போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். அவன் வாயில கடலைமிட்டாய் வாசனைதான் வந்துச்சு. மருந்து வாசனை எனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா வயல்ல அடிக்கிறேன்."

"கேள்விப்பட்டதைச் சொன்னேண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க."

"கேள்விப்பட்டியா? என்கிட்ட வந்து கேட்டியா? பக்கத்துத் தெருவுலதானே இருக்கேன்?"

பால் பாக்கெட்டைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததைக் கேட்டதும் அவர் மனைவி அம்சத்துக்கு அந்த ஆள்மேல் வராத கோபம் இவர்மேல் வந்தது.

"நாலு பேருகிட்ட சண்டை போட்டா ஆச்சா? அவன் எதனால போனான்னு நமக்கே தெரியலையே. தெரிஞ்சாத்தானே வாயத் தொறந்து சொல்ல முடியும்?"

அவள் சொன்னது சரிதான். மகன் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. இருபத்தாறு வயது, ஆறடிக்கு ஒரு விரல் குறைவு, சளி இருமல் தவிர வேறு நோய் கண்டதில்லை. ஜூலை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்துக்காக எகிறினான். கீழே வந்தவன் அப்படியே உட்கார்ந்தான். விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நினைத்து, கூட ஆடியவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்த மாதிரிதான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை.

குடமுருட்டி ஆற்றுக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊரில் இராஜாங்கத்தின் அப்பா பண்ணையாளாக இருந்தவர். இராஜாங்கம் கூலிக்குப் போய், குத்தகைக்கு எடுத்து, கடைசியில் ஒன்றரை ஏக்கருக்குச் சொந்தக்காரர் ஆனார். அம்சம் நடவுக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் தலைமை. எந்த வயலுக்கு எத்தனை பேர், எந்தக் கிழமை என்று அவள்தான் முடிவு செய்வாள். இவர்களுக்கு நெடுமாறன், செம்மொழி என்று இரண்டு பிள்ளைகள். நெடுமாறன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் நட்டு முடுக்கிவிட்டுத் திரும்பி வந்தான். வந்தவன் நடவு இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டான். ஊரிலேயே முதல் இயந்திரம் அவன் கையில்தான் இருந்தது.

அம்மாவுக்கும் மகனுக்கும் அப்போது பெரிய சண்டை. "பதினஞ்சு பொம்பளைங்க வேலைய உன் மிஷின் ஒண்ணு திங்குது. நாங்க எங்க போறது?" என்று அம்சம் நாலு நாள் அவனோடு பேசவில்லை. அவன் வாதாடவில்லை. பிளாஸ்டிக் தாளை விரித்து, சலித்த மண்ணைப் பரப்பி, முளைகட்டிய விதையைத் தூவி, பாய் மாதிரி சுருட்டி எடுக்கிற நாற்றங்காலை வீட்டுக் கொல்லையிலேயே போட்டுக் காட்டினான். "மிஷினுக்கு இந்த நாத்துதாம்மா வேணும். எனக்குச் சரியா வரல. உன் ஆளுங்க போட்டாத்தான் வரும்" என்றான். அவனுக்கு வராமல் இல்லை. அது அம்சத்துக்கும் தெரியும். மறு வருடத்திலிருந்து சுற்றிலும் எட்டு ஊருக்கு அம்சத்தின் ஆட்கள்தான் பாய் நாற்று போட்டுக் கொடுத்தார்கள்.

அவன் இறந்த மறுநாள் காலை பிணவறை வாசலில் சொந்தக்காரர்கள் கூடி, "பிள்ளைய அறுக்க வேணாம், எழுதிக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போயிடலாம்" என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொள்ளவில்லை. வரும்போதே உயிர் இல்லை, பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்றுவிட்டார்கள். முடித்துவிட்டு வெளியே வந்த இளம் டாக்டரம்மா இராஜாங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஐயா, உங்க மகனோட இதயச் சுவர் ரொம்ப தடிச்சிருக்கு. டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம். ரிப்போர்ட் வந்ததும் வாங்கிட்டு ஒரு இதய டாக்டரைப் பாருங்க. இது ரத்த சொந்தத்துல வரக்கூடியது. வீட்டுல எல்லாருக்கும் பாக்கணும்."

இராஜாங்கம் தலையை ஆட்டினார். ஒரு சொல்லும் அவர் காதில் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற செம்மொழிக்குத்தான் ஏறியது. கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற அந்த இருபத்து மூன்று வயதுப் பெண், டீக்கடைச் சண்டை நடந்த அன்று சாயங்காலம் அதை அப்பாவுக்கு நினைவுபடுத்தினாள்.

"அந்த ரிப்போர்ட் வாங்கணும்ப்பா. அதுல எழுதியிருக்கும்."

அப்படித்தான் அலைச்சல் ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில், ரிப்போர்ட்டைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். ஸ்டேஷனில், வரவே இல்லை என்றார்கள். மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தால் அந்த செக்ஷன் பார்க்கிறவர் லீவு. அவர் வந்த நாளில் இதய டெஸ்ட் மட்டும் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வாங்க என்றார். அடுத்த வாரம் போனால், அப்பா வந்தால் போதாது, மனு வேண்டும் என்றார்கள். மனு எழுதிப் போனால், ஸ்டேஷனிலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். குறுவை அறுப்பு நெருங்கிவிட்டது. ஏழு தடவை போய்விட்டு வந்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போனார்கள். ஒருவர் போனால் மற்றவர் வீட்டில் தனியாக இருக்க வேண்டுமே என்பதுதான் காரணம்.

காத்திருக்கிற பெஞ்சில் வேறு என்ன பேசுவது? மகனைப் பற்றித்தான் பேசினார்கள். அதிலும் சண்டைதான் வந்தது.

"பாவக்காய அவன் தொடவே மாட்டான்" என்பார் இராஜாங்கம்.

"நீங்க என்னத்தைக் கண்டீங்க? புளி விட்டு வச்சா சட்டியோட வழிச்சுத் திம்பான்."

"என் எதுக்க அவன் தின்னதே இல்லையே."

"உங்க எதுக்க உக்காந்து எப்ப தின்னான்? நின்னுக்கிட்டே தின்னுட்டு ஓடுவான். உக்காருடான்னு ஒரு நாள் நீங்க சொன்னதுண்டா?"

இராஜாங்கம் பேச்சை மாற்றுவார். இயந்திரத்தின் கைப்பிடியை அம்மாவிடம் கொடுத்து, "நீ ஓட்டும்மா, நான் பின்னால வர்றேன்" என்று மகன் சொன்ன நாளைச் சொல்வார். அம்சம் ஓட்டிய வரிசைகள் வயலின் குறுக்கே பாம்பு போன தடம் மாதிரி வளைந்து போயின. பிடுங்கி நேராக நடலாம் என்றார் இராஜாங்கம். நெடுமாறன் விடவில்லை. பயிர் வளர்ந்து கதிர் வாங்குகிறவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது எங்கம்மா ஓட்டினது" என்று காட்டிக்கொண்டிருந்தான். அதைச் சொல்லும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். உடனே அம்சம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வாள்.

எட்டாவது தடவை செம்மொழி கடைக்கு லீவு போட்டுவிட்டு அவர்களோடு வந்தாள். பெயரைச் சொல்லாமல், பரிசோதனை நடந்த தேதியையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். ஊழியர் அடுக்கைப் புரட்டினார். ரிப்போர்ட் அங்கேயேதான் இருந்தது. ஐந்து வாரமாக இருந்தது. அதில் பெயர் 'நெடுஞ்செழியன்' என்று அடித்திருந்தது.

"பேர் தப்பா இருக்கும்மா. திருத்தணும்னா மறுபடி மனு குடுக்கணும்" என்றார் ஊழியர்.

"குடுக்கிறோம் சார். இப்ப இதோட ஒரு காப்பி குடுங்க" என்றாள் செம்மொழி.

இராஜாங்கம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அஞ்சு வாரமா? நான் உங்க முன்னாடியேதானே சார் நின்னேன்? நெடுமாறன், நெடுமாறன்னு எத்தனை தடவ சொன்னேன்? பெத்தவன் சொல்றேன், பேரு எனக்குத் தெரியாதா?" அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊழியர் காப்பியில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

தஞ்சாவூரில் இருந்த இதய டாக்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறவியிலேயே வருகிற நோய் என்றார். இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகும், பலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, சிலருக்குத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி உயிர் போய்விடும், ஓடியாடுகிற இளவயதுக்காரர்களுக்கு அப்படி நடப்பதுண்டு என்றார்.

"முன்னாடி எப்பவாவது மயங்கி விழுந்திருக்காரா?"

இரண்டு வருடத்துக்கு முன் குறுவை நடவில், சேற்றில் புதைந்த இயந்திரத்தை இழுக்கும்போது வரப்பிலேயே விழுந்திருந்தான். வெயில் மயக்கம் என்றார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். டவுனில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் அவனே இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனான். இராஜாங்கம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்சம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றே மூன்று பேருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். செம்மொழிக்கு இப்போது ஒன்றும் இல்லை, வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அம்சத்துக்கும் இல்லை. இராஜாங்கத்தின் ஸ்கேனைத்தான் நீண்ட நேரம் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்கு இருக்கு. மகன் அளவுக்கு இல்ல. ஆனா இருக்கு. உங்க வழியாத்தான் அவருக்கு வந்திருக்கு."

இராஜாங்கத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்த வாரம்கூட உரமூட்டையை முதுகில் தூக்கி வயலுக்குக் கொண்டுபோனவர்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே, டாக்டர்."

"சிலருக்குப் பண்ணாதுங்க."

"அதான் ஏன்னு கேக்குறேன். என்கிட்டதானே இருந்துச்சு. என்னையில்ல எடுத்துட்டுப் போயிருக்கணும்? அம்பத்தெட்டு வருசமா என் நெஞ்சுல சும்மா உக்காந்திருந்துட்டு இருபத்தாறு வயசுப் பையனை ஏன் புடிச்சுச்சு?"

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், மூட்டை தூக்கக் கூடாது என்றார். "உங்க கூடப் பிறந்தவங்க யாரு யாரு? அவங்களுக்கும், அவங்க பிள்ளைங்களுக்கும் பாக்கணும்" என்றார்.

அப்போதுதான் இராஜாங்கத்துக்குப் பக்கிரி ஞாபகம் வந்தது.

பக்கிரிசாமி அவருடைய தம்பி. பத்தொன்பது வயதில் இறந்துபோனவன். தாளடி அறுப்பில் கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக் களத்துக்கு ஓடியபோது வரப்பில் விழுந்தான். பாம்பு கடித்துவிட்டது என்றார்கள். கடிவாய் எங்கே என்று யாரும் தேடவில்லை. பண்ணையில் அறுப்பு நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் இராஜாங்கமும் அவர் அப்பாவும் அதே வயலில் இறங்கி மிச்சத்தை அறுத்தார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையால் குத்திக்கொண்டே வந்தார். "பாம்புன்னானுங்க. எல்லாப் பயலும் பாம்புன்னானுங்க. நானும் நம்பினேன்."

"அப்பா, போதும். கை வலிக்கும்" என்றாள் செம்மொழி.

கூடப் பிறந்தவர்களில் மிச்சம் இருந்தது தங்கை ஆனந்தவல்லி மட்டும்தான். அம்மாபேட்டை பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. கணவன் இல்லை. செல்லதுரை என்று ஒரே மகன், முப்பத்தொரு வயது. அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன், ஊர்க் கபடிக் குழுவில் ஆடுகிறவன், இரண்டு சின்னக் குழந்தைகளுக்குத் தகப்பன். அந்த வாரமே இராஜாங்கம் அங்கே போனார்.

ஆனந்தவல்லி அண்ணனை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"என்னண்ணே பேசுற? என் பிள்ளை கல்லு மாதிரி இருக்கான். உன் வீட்டுச் சாவை என் வீட்டுக்குக் கொண்டாந்து வைக்கப் பாக்குறியா?"

"சாவைக் கொண்டாரல, வல்லி. ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருன்னுதான் சொல்றேன். பக்கிரியும் இப்படித்தான்."

"பக்கிரி அண்ணன் பாம்பு கடிச்சுச் செத்துச்சு. ஊருக்கே தெரியும். இப்ப நீ புதுசா ஒண்ணு சொல்லாத. புள்ளையப் பறிகொடுத்துட்டு உனக்கு மனசு சரியில்ல. போய் ரெஸ்ட் எடு."

செல்லதுரையும் சிரித்துக்கொண்டே, "மாமா, எனக்கு ஒண்ணும் இல்ல. அறுப்பு சீசன் முடியட்டும், பாக்கலாம்" என்றான். அதற்கு மேல் அவனிடம் பேச முடியவில்லை. இராஜாங்கம் இரண்டு வாரம் கழித்து மறுபடி போனார். அப்போது ஆனந்தவல்லி வாசலிலேயே நின்றபடி, அவன் வண்டியோடு திருவாரூர் பக்கம் போயிருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை.

"விடுங்க. சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு. விதி எப்படியோ அப்படி" என்று ஊரில் ஒருவர் ஆறுதல் சொன்னார். இராஜாங்கம் அவரையும் திட்டிவிட்டு வந்தார். அந்த நாட்களில் அவருக்கு யாரைப் பார்த்தாலும் ஆத்திரமாக இருந்தது. மூட்டை தூக்கக் கூடாது என்ற டாக்டர்மேல், மூட்டையைத் தூக்க வந்த ஆள்மேல், வேளை தவறாமல் மாத்திரையை நீட்டுகிற மகள்மேல்.

"நாளைக்கு நான் வர்றேன்" என்றாள் அம்சம்.

மூன்றாவது தடவை இருவரும் சேர்ந்து போனார்கள். அன்று செல்லதுரை வீட்டில் இருந்தான். ஆனந்தவல்லி அண்ணனைக் கண்டதும், "மறுபடியுமாண்ணே?" என்று ஆரம்பித்தாள். அம்சம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வல்லி, நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன். இத உங்க அண்ணன்கிட்டகூட நான் சொல்லல."

இராஜாங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் போறதுக்கு அஞ்சு நாளைக்கு முன்னாடி சோத்துத் தட்டை வச்சுட்டு, 'அம்மா, நெஞ்சு படபடன்னு வருதும்மா'ன்னு சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'எப்பப் பாத்தாலும் போனையே பாத்துக்கிட்டிருந்தா அப்படித்தான் வரும், தின்னுட்டுப் படு'ன்னேன். கைய வச்சுக்கூடப் பாக்கல. அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டிருந்துச்சு." அவள் குரல் உடையவில்லை. உடையாததுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "எனக்குத் தெரியாது வல்லி. என்கிட்ட யாரும் சொல்லல. உன்கிட்ட மூணு தடவ வந்து சொல்லியாச்சு. நாளைக்கு எனக்குத் தெரியாதுன்னு நீ சொல்ல முடியாது."

ஆனந்தவல்லி மகனைப் பார்த்தாள். "டேய், உனக்கு அப்படி வந்திருக்கா?"

செல்லதுரை சிரிக்கவில்லை. தன் பெண் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டான்.

"கபடியில ரெண்டு தடவ கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சும்மா. தண்ணி குடிக்காம ஆடினதாலன்னு நெனச்சேன்."

அவனுக்கு இருந்தது. இராஜாங்கத்துக்கு இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. தஞ்சாவூர் டாக்டர் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். துடிப்பு தாறுமாறானால் பிடித்து நிறுத்துகிற ஒரு சின்னக் கருவியைத் தை மாதம் அவன் நெஞ்சுக்குள் வைத்தார்கள். கபடி கிடையாது. வண்டி ஓட்டுவது பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். ஆனந்தவல்லிக்கும், அவன் குழந்தைகளுக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கருவி வைத்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஆனந்தவல்லி அண்ணியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். அம்சம் தலையை ஆட்டினாள். செல்லதுரை கட்டிலில் சாய்ந்துகொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தான். "அத்தை, நீங்களும் எடுத்துக்கங்க" என்று ஒரு சுளையை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும்தான் அது இன்னும் தன் கையிலேயே இருக்கிறது என்று கவனித்தாள்.

பஸ் நிலையத்தில் இராஜாங்கம், "நல்லபடியா முடிஞ்சுது" என்றார்.

"முடிஞ்சுது" என்றாள் அம்சம். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு நின்றாள். "எனக்குச் சந்தோசமாத்தான் இருக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா ஆத்திரமா வருதுங்க. நம்ம வீட்டு வாசல்ல வந்து ஒரே ஒரு தடவ, ஒரே ஒரு ஆளு சொல்லியிருந்தா போதுமே. ஏங்க ஒருத்தர்கூட வரல?"

 ஊருக்குப் போகிற பாபநாசம் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. இராஜாங்கம் முன்னால் ஏறி, அவளுக்காக ஒரு இடம் பிடித்து வைத்தார்.